வாவல்கள் தாமாகப் போகவில்லை

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. எழுதத் தெரியாமல் அல்ல. ஒன்பதாவது வரை படித்தவன். கோயில் நோட்டீஸ்களைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பேன். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தை எழுதிவிட்டால் என் வீட்டுக்காரி முகத்தில் எப்படி முழிப்பேன், சுவாமி முன்னால் எப்படி நிற்பேன் என்று பயம். இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவாமிக்கு அன்றைக்கே தெரியும். இனி யாரிடம் மறைக்க?

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. நான் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். சிவன் கோயிலுக்குப் பின்னால் படித்துறை, படித்துறையை ஒட்டி மூன்று மருதமரங்கள். நடுமரத்தில் வாவல்கள் தொங்கின, வௌவாலை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வீட்டு மோட்டுவளையில் அடைகிற சின்ன வாவல் இல்லை. பழம் தின்கிற பெரிய வாவல். இறக்கையை விரித்தால் இரண்டரை முழம் இருக்கும். பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கியபடி ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்தியில் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு ஒவ்வொன்றாக எழும்பி ஆற்றைத் தாண்டி வடகரைக்குப் போகும். அங்கே ஒரு பழைய இலுப்பைத் தோப்பு உண்டு.

என் மகளுக்கு நாலு வயசில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். என் வீட்டுக்காரி வராந்தாவில் நின்று அம்பாளுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தால், தன் உயிர் உள்ளவரை அந்தி விளக்கு ஏற்றுவேன், இலுப்பெண்ணெய் விளக்கு, அதுவும் தன் கையால் பொறுக்கின கொட்டையில் எடுத்த எண்ணெய். பிள்ளை எழுந்து நடந்தது. இவளும் சொன்ன சொல் தவறவில்லை. இருபத்திரண்டு வருஷம்.

அந்தக் கொட்டையைப் பொறுக்க அவள் வடகரைக்குப் போனதே இல்லை. வாவல்கள்தான் கொண்டுவந்தன. ஆனி, ஆடி மாதங்களில் இலுப்பை பழுக்கும்போது, பழத்தை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடந்து மருதமரத்துக்கு வந்துவிடும். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். காலையில் போனால் மரத்தடியில் பளபளவென்று கிடக்கும், ஒரு துளி சதை ஒட்டியிருக்காது. இவள் விளக்குமாறும் பனையோலைக் கடவமும் கொண்டு போவாள். மொட்டைமாடியில் காயப்போட்டு, உடைத்து, பருப்பை டவுனில் செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டி வருவாள். மார்கழியில் அந்த எண்ணெய் நெய்போல் உறைந்துவிடும். பாட்டிலை வெயிலில் வைத்து இளக்கி எடுத்துப் போவாள்.

"அதுக உரிச்சுத் தருது, நான் பொறுக்குதேன். நேர்ச்சை எனக்கு மட்டுமா, அதுகளுக்கும் சேத்துத்தான்" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மரத்தடியில் எல்லாம் தெரியும். வாவல் எச்சம் விழுகிற இடத்தில் ஆறு கொஞ்சம் ஆழம். எச்சத்துக்கும் உதிரும் பழத்துக்கும் அங்கே கெண்டை கூடும். கெண்டைக்கு நீர்க்காகம் வரும். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் யாரும் நடாத மரங்களாக நிற்கும்: இலுப்பைக் கன்று, அத்தி, நாவல், புன்னை. "இதெல்லாம் யாரு வச்சது?" என்று நான் ஒருநாள் கேட்டேன். மேலே கையைக் காட்டினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கமிட்டித் தலைவர் ஓர் அண்ணாச்சி. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல நிலபுலன் உள்ள வீடு. ஒருநாள் மில்லுக்கே வந்து, "நீரும் கமிட்டியில இரியும்வே" என்றார். மேலெல்லாம் மாவு அப்பிக் கிடந்த எனக்கு அது பெரிய வார்த்தை. அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாகசாலை போட்ட இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் மருதமரம். புனித நீர்க்குடம் அதன் அடியில்தான் வர வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் அண்ணாச்சி பேச்சை எடுத்தார்.

"என்னவே இது, குடத்தைத் தலையில வச்சு வாரப்ப மேல இருந்து கழியும். வெளியூர்ல இருந்து பெரிய ஆளுகள்லாம் வருவாவ. குடை பிடிச்சா கூட்டிட்டுப் போவீரு?"

"பல வருசமா இருக்கு அண்ணாச்சி..." என்றேன்.

"இருந்தா? கேரளாவுல வாவலாலதான் காய்ச்சல் பரவுதுன்னு போன்ல வந்தது பாக்கலியா? சவத்தை விரட்டிவிட்டுருவோம்."

குருக்கள் மட்டும் தயங்கினார். "கோயிலை அண்டின ஜீவன். ஈஸ்வரனைக் கேட்டுண்டு செய்யுங்கோ" என்றார்.

கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து, நாரால் கட்டி, சுவாமி பாதத்தில் வைத்து எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், வீடு, வைத்தியம் எல்லாம் நாங்கள் இப்படிக் கேட்பதுண்டு. சுவாமி சொன்னால் மறுபேச்சு இல்லை.

பொட்டலத்தை நான்தான் கட்டினேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் அரளி.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"கேள்வியைத் தப்பா கேட்டுட்டோம்வே. விரட்டலாமான்னா கேக்கது? சாமிக்கு அது பாவமாத் தெரியும்லா? வேற இடத்துக்குப் போகச் சொல்லலாமான்னு மரியாதையா கேப்போம். இன்னொரு தரம் கட்டும். இந்தத் தரம் நீரே எடும்."

ரெண்டாவது தடவை கட்டினேன். இந்த இடத்தில்தான் மூன்று தடவையும் பேனா நின்றது.

கட்டும்போது நந்தியாவட்டைப் பொட்டலத்தின் நார் கொஞ்சம் நீண்டுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நீண்டது என்பது எனக்குத் தெரியும். நறுக்கியிருக்கலாம், நறுக்கவில்லை. குருக்கள் தீபாராதனை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டினேன். விரலால் தடவி, நீண்ட நாரைத் தேடி எடுத்தேன். பிரித்தார்கள். வெள்ளை. அண்ணாச்சி என் முதுகில் தட்டி, "சாமியே உத்தரவு குடுத்துட்டாருவே" என்றார்.

அந்தத் தட்டலுக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வீட்டுக்கு வந்து, "சுவாமி சம்மதம் கொடுத்துட்டார்" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எதுக்கு?"

"வாவல் வேற இடத்துக்குப் போறதுக்கு."

"வெள்ளைப்பூவா வந்துச்சு?"

"ஆமா."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "சாமியே சொன்னா நான் என்னத்தச் சொல்ல. ஆனா இப்ப வேண்டாம்னு சொல்லுங்க. எல்லாம் குட்டியும் கையுமா இருக்கு. வைகாசி கழியட்டும், குட்டி பறக்கப் பழகிரும்" என்றாள்.

கும்பாபிஷேகமே வைகாசியில்தான். நான் அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை.

சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. வெடிக்கட்டை மரத்தடியில் வைத்தார்கள். முதல் திரி கமிட்டி ஆள் கையால் இருக்கட்டும் என்றார்கள். நான் கொளுத்தினேன்.

அந்தச் சத்தத்தில் மரமே எழும்பிப் பறந்ததுபோல் இருந்தது. பட்டப்பகலில், அந்த வெயிலில், திக்குத் தெரியாமல் வட்டமடித்தன. எங்கிருந்தோ காக்கைகள் வந்து கொத்த ஆரம்பித்தன. தாயின் நெஞ்சைப் பிடித்திருந்த குட்டிகள் பிடிவிட்டு விழுந்தன. சில மண்ணில், சில படித்துறைக் கல்லில், சில ஆற்றில். விழுந்ததும் ஒரு சின்னச் சத்தம், பூனைக்குட்டி போல. எங்களோடு நின்ற ஒருவர், "ஏலே, பழம் உதிருத மாதிரில்லா உதிருது!" என்று சிரித்தார். வேறு சிலரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயில் இருக்கும்போதே அவள் படியிறங்கி வந்தாள்.

யாரையும் அவள் பார்க்கவில்லை. முந்தானையை விரித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இத்தனை வருஷமாகக் கொட்டை பொறுக்கின அதே தரையில், அதே மாதிரி குனிந்து. உயிரோடு இருந்தவற்றைப் புன்னைக் கிளையில் தொங்கவிட்டாள். தாய் வந்து எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். அந்தியில் தாய்கள் வரத்தான் செய்தன. சத்தம் போட்டுக்கொண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அண்ணாச்சி, "திரும்பி அடைஞ்சிராமே, போடுங்கலே இன்னொண்ணு" என்றார். இன்னொன்று போட்டார்கள். மூன்று நாள் இப்படி. நாலாவது நாள் ஒன்றும் வரவில்லை.

ஒரு குட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விளக்குத் திரியைப் பாலில் நனைத்து வாயில் வைத்தாள். சப்பிச் சப்பிக் குடித்தது. அவள் ஜாக்கெட் தோளில் நகத்தை மாட்டிக்கொண்டு தொங்கியபடி கண்ணை உருட்டிப் பார்க்கும். "நரி மூஞ்சி மாதிரி இருக்கில்லா" என்றாள். அந்த மூன்று நாளில் அவள் என்னிடம் பேசினது அவ்வளவுதான். மூன்றாம் நாள் அது குடிக்கவில்லை. கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

அந்த வருஷம் ஆனி வந்தது. அவள் கடவத்தை எடுத்துக்கொண்டு போய் வெறுங்கடவத்தோடு திரும்பினாள். மறுநாளும் போனாள். முந்தின வருஷத்து எண்ணெய் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அடுத்த பங்குனியில் பாலத்தைச் சுற்றி வடகரைத் தோப்புக்கு இரண்டு பேரும் போனோம். பூ கொட்டிக் கிடந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஆனியில் போனபோது காய் இல்லை. முன்பு மரத்துக்கு மரம் குலுங்கினது, இப்போது கிளைக்கு ஒன்று இரண்டு. தோப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் சொன்னார், "முன்னல்லாம் பூ எடுத்த நாள்ல அந்திக்கே வாவல் வந்து ஒவ்வொரு பூவா மூஞ்சியை விட்டு நக்கும். மூஞ்சியெல்லாம் பூந்தூளா இருக்கும். இந்த மரத்துத் தூளு அந்த மரத்துக்குப் போவும். இப்ப அது வாரதில்ல. பூ சும்மா உதிருது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழுத்து விழுந்ததும் தாய்மரத்தடியிலேயே விழுந்தது. தோலைக்கூட யாரும் தொடவில்லை. சதையோடு அழுகிப் புழுத்தது. அவள் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். நூறு பொறுக்கினால் இருபது தேறும். ஒரு கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்தோம். பெரிய மரத்தின் நிழலில் விரல் நீளத்துக்கு ஒன்றிரண்டு, மஞ்சள் அடித்து நின்றன. மறுவருஷம் அவையும் இல்லை. ஒரு காற்றில் தோப்பில் இரண்டு மரம் வேரோடு சாய்ந்தன. அந்த இடத்துக்கு வர இலுப்பையில் பிள்ளை இல்லை. சீமைக்கருவேலம் வந்தது.

எங்கள் கரையிலும் அப்படித்தான். புதிதாக அத்தி இல்லை, நாவல் இல்லை. மருதமரத்தடி ஆழத்தில் கெண்டை கூடுவதில்லை, நீர்க்காகத்தைக் காணோம். நான் விரட்டினது ஒரு வாவல் கூட்டத்தை மட்டும் என்று நினைத்திருந்தேன். எது எதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாள், அவளிடம் கேட்கவில்லை.

கடையில் இலுப்பெண்ணெய் பாட்டில் கிடைக்கும். வாங்கி வந்தேன். மகளும் போனில் சொன்னாள்.

"அம்மா, எண்ணெய் எங்க வாங்குனதுன்னு சாமி பில்லு கேக்குமா?"

"என் கையால பொறுக்குனதுன்னு சொன்னேன் மக்ளே. கடைக்காரர் கையாலன்னா சொன்னேன்?" என்றாள் இவள். பாட்டில் இன்னும் பரணில் பிரிக்காமல் இருக்கிறது.

மூன்றாவது வருஷம் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தோப்பில் தேறின கொட்டையில் எடுத்த எண்ணெயும் தீர்ந்தது. அன்றும் குளித்து, திரி போட்ட வெறும் விளக்கைக் கொண்டுபோய் அம்பாள் சன்னதியில் வைத்துவிட்டு நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். வெகுநேரம் நின்றாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சன்னதிக்குப் போகவில்லை.

மகளை உடன்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த மார்கழியில் அவளுக்கு மூன்றாம் மாசம் கரு கலைந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் ஒன்று. டாக்டர் அம்மா என்னென்னவோ காரணம் சொன்னார்கள். என் வீட்டுக்காரி எதையும் காதில் வாங்கவில்லை. போன் மணி அடித்தால் அவள் எடுக்க மாட்டாள், என்னை எடுக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நேர்ச்சை தவறினதால் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதுகூட முழு உண்மை இல்லை என்பது போன தை மாதம் தெரிந்தது.

தை மாதம் மகள் வந்திருந்தாள். கோயிலில் புதிதாக அச்சடித்த தல வரலாற்றுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். "அப்பா, நம்ம வாவல் கதையும் போட்டிருக்காவ" என்று சத்தமாக வாசித்தாள். கும்பாபிஷேகத்துக்கு முன் பூக்கட்டிக் கேட்டார்களாம். வெள்ளைப்பூ வந்ததாம். சுவாமியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வாவல்கள் மறுநாளே தாமாக இடம் பெயர்ந்து போய்விட்டனவாம். வெடி இல்லை, குட்டிகள் இல்லை, முதலில் வந்த அரளியும் இல்லை. அற்புதம் என்று தலைப்பு.

மகள் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். இவள் அதை எடுத்து அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுல பொய் போட்டிருக்காவ, தானாப் போவல. ஆனா வெள்ளைப்பூ வந்தது நெசம்தானே?"

நான் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தேன்.

"ஏன் கேக்கேன்னா" என்று அவளே சொன்னாள், "இத்தனை வருசமும் நான் அதைத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். வாவலை சாமியே போகச் சொல்லிருச்சு. அப்ப என் விளக்கு வேண்டாம்னுதானே அர்த்தம்? என் கையால ஏத்துனது பிடிக்கலேன்னுதானே? நான் என்ன தப்பு செஞ்சேன்னு தினமும் கேக்கேன். பதிலே இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாவலைப் பறிகொடுத்ததை அவள் தாங்கிக்கொண்டாள். எண்ணெய் தீர்ந்ததையும் தாங்கிக்கொண்டாள். சுவாமி தன்னைத் தள்ளிவிட்டார் என்பதைத்தான் தாங்க முடியாமல் ஆறு வருஷம் தனியாக இருந்திருக்கிறாள். அந்தத் தள்ளல் என் விரலில் இருந்தது.

சொல்லிவிட்டேன். முதலில் வந்த சிவப்பு, நீண்ட நார், தடவிப் பார்த்தது, முதுகில் தட்டினது, எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்ப சாமி வேண்டாம்னுதான் சொல்லியிருக்கு" என்றாள், மெதுவாக, யாரோ காணாமல் போனவரைப் பற்றித் தகவல் வந்ததுபோல.

"ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கு."

"ஆமா."

"என்னை ஏங்க சாமிகிட்ட இருந்து பிரிச்சு வச்சீங்க?"



அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், மில்லுக்குக் காபி கொடுத்து அனுப்புகிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அண்ணாச்சியிடம் போய் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"அட, சும்மா இரும்வே. ஊருக்குப் பெருமைதானே? யாருக்கு என்ன நட்டம்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நார் நீண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

வாவல்கள் எங்கே போயின என்று விசாரித்துப் பார்த்தேன். கொற்கைப் பக்கம் ஒரு ஆலமரத்தில் கொஞ்சம் அடைந்திருப்பதாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன், ஏழெட்டு தொங்கின. எங்கள் மரத்தில் இருந்தவைதானா என்று எப்படிச் சொல்ல? கும்பிட்டுவிட்டு வந்தேன். போன மாதம் வடகரைத் தோப்பில் இன்னொரு மரம் பட்டுப்போயிற்று.

வெளியூர்க்காரர்கள் இப்போது அந்தப் புத்தகத்தை வாங்கிப் போகிறார்கள். மருதமரத்தடியில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். வாவல் தானாகப் போன மரம் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பக்கத்து ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கிறது, அங்கேயும் புளியமரத்தில் வாவல் உண்டு. நாமும் பூக்கட்டிக் கேட்போம், தானாகப் போய்விடும் என்று அங்கே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நாலாவது தடவையாக இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். நான் சிரித்த இடத்தை விட்டுவிட்டிருந்தேன். "நீங்களும் சிரிச்சீங்க, அதையும் போடுங்க" என்றாள். போட்டிருக்கிறேன்.

அதனால் இதை வாசிக்கிறவர்களை நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இதுதான். நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். சுவாமியின் பெருமைக்கென்று எதையும் கூட்டவும் வேண்டாம். முதலில் வந்தது சிவப்புப்பூ. இரண்டாவதை எடுத்தது என் கை. குட்டிகள் விழுந்தன. வாவல்கள் தாமாகப் போகவில்லை. இப்படியே, இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.